ஒத்தைக்கு ஒத்தை: மந்திரவாதிகள் மோதும்போது

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஆறு பேர் ஞாயிற்றுக்கிழமைதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம், ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு. ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகங்கள். டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையை நடத்தி எதிரிகளையும் ஆடுபவர், நான்தான். எங்கள் மந்திரவாதி, ஏழாம் லெவல், தன்னைக் கைவிட்டுப் போன குருவைத் தேடி அலைவதுதான் நான்கு மாதமாக எங்கள் கதை. போன வாரம் இருவரும் ஒரு கோபுர உச்சியில் நேருக்கு நேர் நின்றார்கள். குரு, ஆளை உறைய வைக்கும் ‘ஹோல்ட் பர்சன்’ மந்திரம் போட்டார். மாணவன், மந்திரத்தை முறிக்கும் கவுண்டர்ஸ்பெல் போட்டான். அதற்குக் குரு இன்னொரு கவுண்டர்ஸ்பெல். மாணவனுக்கு, மந்திரத்திலிருந்து தப்பிக்கப் போடும் பகடையான சேவிங் த்ரோ விழவில்லை, உறைந்து நின்றுவிட்டான். அடுத்த சுற்றில் கதை முடிந்தது. மொத்தம் எட்டு நிமிடம். மற்ற நான்கு பேரும் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மந்திரச் சண்டைக்கென்று தனியாக ஹவுஸ் ரூல், அதாவது எங்கள் மேஜைக்கான சொந்த விதி, எழுத ஆரம்பித்திருக்கிறேன். எந்த மந்திரம் எதை முறிக்கும் என்று அட்டவணை போட்டேன், பன்னிரண்டு பக்கம் வந்துவிட்டது. இது சரியாக வருமா? புத்தகத்தில் இருப்பதை இவ்வளவு மாற்றலாமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

நான்கு மாதக் காத்திருப்பு எட்டு நிமிடத்தில் போனது என்று படித்தபோது எனக்கும் வருத்தமாக இருந்தது. ஆனால் அதில் உங்கள் தவறும் இல்லை, பகடையின் தவறும் இல்லை. விதியின் கட்டமைப்பே அப்படி. அதை முதலில் பார்த்துவிடுவோம், பிறகு அட்டவணைக்கு வருகிறேன்.

குறுக்கிட்டுப் பதில் கொடுக்க, ஒரு சுற்றில் ஆளுக்கு ஒரு ரியாக்‌ஷன்தான். குரு தன் முறையில் மந்திரம் போடுகிறார். மாணவன் தன் ரியாக்‌ஷனைச் செலவழித்து முறிக்கிறான். குருவின் ரியாக்‌ஷன் இன்னும் கையில் இருக்கிறது, அந்த முறிப்பை அவர் முறிக்கிறார். மாணவனிடம் பதில் சொல்ல இனி ஒன்றுமில்லை. அவன் முறை வரும்போது இதே கதை தலைகீழாக நடக்கும்: இப்போது ரியாக்‌ஷன் இல்லாமல் நிற்பவர் குரு. ஆக, ஸ்லாட் (மந்திரம் போடச் செலவாகும் சக்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு லெவல் உண்டு) கையிலிருக்கும்வரை, யாருடைய முறையோ அவருடைய மந்திரம் போய் விழும். நடுவில் இரண்டு மூன்றாம் லெவல் ஸ்லாட் கரைந்ததுதான் மிச்சம். ஹோல்ட் பர்சன் மாதிரி ஆளையே உறைய வைக்கும் மந்திரம் முதலில் விழுந்துவிட்டால் மற்றவருக்கு முறையே வராது. யார் முதலில் என்று தீர்மானிக்கும் இனிஷியேட்டிவ் பகடையைப் போட்டபோதே உங்கள் சண்டை பாதி முடிந்துவிட்டது. 2024 பதிப்பில் கவுண்டர்ஸ்பெல்லை மாற்றியிருக்கிறார்கள். முறிக்கப்படுபவர் உடல் உறுதியை வைத்துக் கான்ஸ்டிட்யூஷன் சேவிங் த்ரோ போடுவார், தோற்றாலும் அவருடைய ஸ்லாட் போகாது. நல்ல மாற்றம்தான், ஆனால் ஒத்தைக்கு ஒத்தை நிற்கும்போது இந்த அடிப்படைச் சிக்கல் அப்படியேதான் இருக்கிறது.

உங்கள் பன்னிரண்டு பக்கத்தைத் தூக்கி வைத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். 1978இல் வந்த, இதே விளையாட்டின் விதிப்புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் பின்னிணைப்பில் சயானிக் சண்டை என்று ஒன்று உண்டு. மனதால் தாக்க ஐந்து வழி, தடுக்க ஐந்து வழி. எது எதோடு மோதினால் என்ன ஆகும் என்பதை அட்டவணையில் தேடிப் பார்க்க வேண்டும். எண்ணம் அருமையானது. ஆனால் அட்டவணையைப் பார்ப்பவன் எதிராளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. எனக்கு இதில் முக்கியமே அந்த முகம்தான். இரண்டு மந்திரவாதிகள் மோதும்போது ‘அவன் இப்போது என்ன நினைக்கிறான்?’ என்ற கேள்வி மேஜை முழுக்கப் பரவ வேண்டும்.

இதை மிகச் சுருக்கமாகச் செய்து காட்டியவர் ரிச்சர்ட் பார்ட்டில், ‘மட்’ கணினி விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவர். 1977இல் அவர் வெளியிட்ட ‘வேவிங் ஹேண்ட்ஸ்’ விளையாட்டுக்குக் காகிதமும் பென்சிலும் போதும். ஒவ்வொரு கைக்கும் ஒரு சைகையை ரகசியமாக எழுதி, இருவரும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். உள்ளங்கையை நீட்டினால் கவசம். விரலைச் சொடுக்கி அடுத்த முறை சுட்டிக்காட்டினால் சின்ன அடி ஒன்று. தீப்பந்துக்கு ஐந்து சைகை: விரல்களை நெளி, சொடுக்கு, சொடுக்கு, சுட்டு, சுட்டு. இரண்டாவது சொடுக்கிலேயே எதிராளிக்குச் சந்தேகம் வந்துவிடும். நான்காவது சைகையில் ‘சொடுக்கு, சுட்டு’ என்று சின்ன அடியும் கூடவே தயாராகிவிடுகிறது. அதைப் போட்டு நிறுத்திக்கொள்வானா, தீப்பந்து வரை போவானா? பகடையே இல்லாமல் மனுஷனுக்கு வியர்க்க வைத்துவிடுகிறார்.

எங்கள் மேஜையில் நாங்கள் ஆடும் விதி அதிலிருந்து பிறந்ததுதான். இரண்டு சீட்டுக்கட்டு வேண்டும். ஆளுக்கு ஒரு கட்டில் ஏஸ் முதல் ஒன்பது வரை மூன்று இனம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்பேட் என்றால் தாக்கு, டைமண்ட் என்றால் தடு, ஆர்ட்டின் என்றால் திருப்பு. சீட்டின் எண்தான் நீங்கள் செலவழிக்கும் ஸ்லாட்டின் லெவல், ஏஸ் என்றால் ஒன்று. கேரக்டர் ஷீட்டில் இல்லாத ஸ்லாட்டை இறக்கக் கூடாது. இருவரும் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்து, சேர்ந்து திறக்க வேண்டும்.

இரண்டு தாக்கு மோதினால் பெரிய எண் ஜெயிக்கும், தோற்றவருக்கு ஒரு புள்ளி. எண் சமமானால் இருவருக்கும் ஒவ்வொரு புள்ளி. தாக்கு தடையைவிடப் பெரியதாக இருந்தால்தான் உள்ளே போகும்; இல்லாவிட்டால் தடுத்தவருக்கு ஸ்லாட்கூடச் செலவில்லை. திருப்பு எவ்வளவு பெரிய தாக்கையும் அனுப்பியவர் மேலேயே திருப்பிவிடும், அதன் லெவல் பொருட்டே இல்லை. ஆனால் எதிரே தடை நின்றால் திருப்பியவன் வெறுங்காற்றைப் பிடித்துக் கவிழ்கிறான், புள்ளி அவனுக்கு. இரண்டு திருப்பு சந்தித்தால் இரண்டு ஸ்லாட்டும் வீண். தொடர்ந்து இரண்டு முறை தடுக்கக் கூடாது. மூன்று புள்ளி வாங்கியவர் தோற்றார். அவ்வளவுதான்.

திருப்புக்கு லெவல் வேண்டாம் என்று வைத்தது யோசித்துச் செய்தது. குருவின் ஆறாம் லெவல் ஸ்லாட்டுக்கு மாணவனிடம் என்ன இருக்கிறது? குருவை அவன் எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறான் என்பது மட்டும்தான்.

மற்ற நால்வருக்கும் வேலை உண்டு. ஒவ்வொருவரும் சண்டைக்குள் ஒரே ஒரு முறை, தன் பக்கத்து மந்திரவாதியின் காதில் ஒரு வாக்கியம் சொல்லலாம். போன தீபாவளி லீவில் எங்கள் மேஜையில் சூனியக்காரியாக ஆடியது நான். ஆளுக்கு இரண்டு புள்ளி. எதிரே இருந்த பையனிடம் முதல் லெவல் ஸ்லாட்டைத் தவிர எதுவும் மிச்சமில்லை. திருடியாக ஆடும் பெண் எழுந்து வந்து அவன் காதில் ஏதோ சொன்னாள். “அவளுக்கு அடி விழுந்தால் அடுத்தது எப்போதும் பெரிய ஸ்பேடாகத்தான் போடுகிறாள்” என்று சொல்லியிருக்கிறாள், எனக்குப் பிறகுதான் தெரியும். திறந்தோம். என் ஸ்பேட் ஆறுக்குப் பக்கத்தில் அவனுடைய ஆர்ட்டின் ஏஸ். நாற்காலி ஒன்று பின்னால் சாய்ந்து விழுந்தது, யாரும் எடுக்கவில்லை.

தோல்வி என்றால் சாவு என்று வைக்காதீர்கள். 1987இல் வந்த ஆர்ஸ் மேஜிகா விளையாட்டில் மந்திரவாதிகள் தங்களுக்குள் வழக்குத் தீர்க்க ‘செர்டாமென்’ என்று ஒரு முறை வைத்திருப்பார்கள். தோற்பவர் களைத்து மயங்கி விழுவார், அடுத்த நாள் எழுந்து நடப்பார், ஜெயித்தவர் முகத்தில் விழித்துக்கொண்டே வாழ்வார். அங்கேதான் கதை கனக்கிறது. எங்கள் சூனியக்காரி தன் குரலை இழந்தாள். அந்தக் குரல் இப்போது திருடியின் பையில் ஒரு குப்பியில் இருக்கிறது.

புத்தகத்தை மாற்றலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக மாற்றலாம், சண்டைக்கு முந்தின வாரமே எல்லோரிடமும் சொல்லி, ஒரு தடவை சும்மா ஆடிப் பார்த்துவிட்டு. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: கவுண்டர்ஸ்பெல்லைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் ஆட்டக்காரருக்கு நஷ்டம் வரக் கூடாது. சீட்டைத் திறந்த பிறகும், ஒரு சண்டைக்கு ஒரு முறை, ஒரு மூன்றாம் லெவல் ஸ்லாட்டைக் கொடுத்துத் தன் சீட்டை எடுத்துக்கொண்டு வேறு சீட்டு இறக்கலாம் என்று அவருக்கு விட்டுக்கொடுங்கள்.

உங்கள் மாணவன் உறைந்துதான் நின்றான் என்றால் குரு அவனை உயிரோடு விட்டுப் போனதாக வைத்துக்கொள்ள இன்னும் இடம் இருக்கிறது. ஏன் விட்டார் என்று மட்டும் அவனை ஆடுபவரிடம் கேளுங்கள். இரண்டு சீட்டுக்கட்டையும் பின்பக்க நிறம் வேறு வேறாகப் பார்த்து வாங்குங்கள், கலந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு.