ஹெரால்டுக்குக் கறுப்பு அடிப்பதற்கு முன்

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தாத்தா ஓட்டிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, ரைஸ்மில் ஷெட்டில் பல வருஷமாகக் கிடந்தது. இப்போது பாடியைச் சேஸிஸிலிருந்து (அடிச்சட்டத்திலிருந்து) இறக்கி வேலை ஆரம்பித்துவிட்டோம். கீழ்ப்பாகம் முழுக்கப் பளபளக்கும் கறுப்பு, எஞ்சின் பக்கம் சில்வர், பாடிக்குப் பி.யூ. (பாலியூரித்தேன் பெயிண்ட்) என்கிறார் பட்டறைக்காரர். எனக்குக் கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே வேண்டும். எந்தப் பாகத்துக்கு எந்தப் பூச்சு?"

நல்ல வேளை, அடிப்பதற்கு முன்பே கேட்டீர்கள். 1961 முதல் மதராஸில் தயாரான கார் இது. இதில் ஒரு சங்கடம் உண்டு. பானட்டைத் தூக்கினால் முன்பக்கம் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்னோக்கிச் சாயும். எஞ்சின், சேஸிஸ், ஸ்பிரிங், ஸ்டியரிங் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். மற்ற கார்களில் மறைந்துபோகும் தவறு இதில் மறையாது.

பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் வண்ணத்துக்காக மெனக்கெடுவார்கள்; பளபளப்பின் அளவைக் கண்டுகொள்ள மாட்டார்கள். கறுப்பு என்றால் ஒரே கறுப்பு இல்லை. முழுப் பளபளப்பு, செமி கிளாஸ், மேட் என்று மூன்று உண்டு. தொழிற்சாலையில் ஒவ்வொரு பாகமும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு பூச்சோடு தயாராகி வந்து ஒன்றாகப் பூட்டப்பட்டது. சில பாகத்துக்குப் பெயிண்ட், சிலதுக்கு முலாம், சிலதுக்கு ஒன்றுமே இல்லை. அந்த வித்தியாசம் தெரிந்தால்தான் அது பழைய கார். எல்லாவற்றையும் ஒரே ஸ்ப்ரே கன்னில் அடித்துவிட்டால் பொம்மைக் கார்தான்.

எந்தப் பாகத்துக்கு எது என்பதற்கான சாட்சி உங்கள் காரிலேயே இருக்கிறது. ஆகவே பழைய பெயிண்டை உரிக்க எதையும் காஸ்டிக் தொட்டியில் போடாதீர்கள், சாண்ட் பிளாஸ்டுக்கும் அனுப்பாதீர்கள், இப்போதைக்கு. (அலுமினியப் பாகத்தைக் காஸ்டிக்கில் எப்போதுமே போடக்கூடாது, கரைந்துவிடும்.) மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்துக் கிரீஸை மட்டும் கழுவுங்கள். அப்புறம் கிளாம்புக்கு அடியில், பிராக்கெட் உட்கார்ந்த இடத்தில், ரப்பர் வாஷருக்குக் கீழே பாருங்கள். வெயிலும் எண்ணெயும் படாத அந்தத் துண்டுதான் அசல். ட்யூப் லைட்டை அதில் பிரதிபலிக்கவிட்டால் ஓரம் கூர்மையாகத் தெரிகிறதா? முழுப் பளபளப்பு. கரைந்த மாதிரி தெரிந்தால் செமி கிளாஸ். லைட்டே தெரியவில்லையென்றால் மேட். பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, பாகத்தின் பெயரை எழுதி வையுங்கள்.

பாடி வண்ணத்துக்கும் இதே வழிதான். கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றுங்கள். டேஷ்போர்டுக்கு அடியிலும் பாருங்கள். வெளியே பலமுறை பெயிண்ட் ஏறியிருந்தால், ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு 800 நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி 1500 வரை சாய்வாகத் தேயுங்கள். அறுத்த மரத்தின் வளையம் போல ஒவ்வொரு அடுக்கும் தெரியும். பிரைமருக்கு நேர்மேலே இருப்பது முதல் வண்ணம். பானட்டின் உள்பக்கமும் எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்புத் தகடும் ஹெரால்டில் பாடி வண்ணத்திலேயே வரும். அங்கே கறுப்பு அடிக்க யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். பெயிண்ட் கடையில் கம்ப்யூட்டரில் கலர் சேர்த்துக் கொடுத்தாலும், ஒரு தகட்டில் அடித்துக் காயவைத்து வெயிலில் ஒப்பிட்டுப் பாருங்கள். கடை விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு வண்ணம் வெயிலில் வேறாகிவிடும்.

இனி சேஸிஸ். அதில் பழைய பூச்சு செமி கிளாஸ் கறுப்பு என்று தெரிந்தால் அதையே அடியுங்கள். கடையில் கிடைக்கும் கிளாஸ் கறுப்பில் பளபளப்பைக் குறைக்கும் மேட்டிங் பேஸ்ட் கலந்து, சோதனைத் தகட்டில் பார்த்துவிட்டு அடித்தால் போதும். பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைக்கும் பூச்சு) மலிவு, சீக்கிரம் முடியும், உண்மைதான். ஆனால் தடித்த பூச்சு. ஓரங்களை மழுக்கி, வார்ப்பின் சொரசொரப்பை மூடி, பிளாஸ்டிக் போலக் காட்டிவிடும். ஒரு கல் தெறித்துப் பெயர்ந்தால் அதனடியில் துரு பரவுவது வெளியே தெரியாது. எர்த் ஒயர் பூட்டும் இடத்தையும் அடைத்துவிடும்.

இந்த இடத்தில் மட்டும் நான் அசல்வாதி இல்லை. ஹெரால்டு சேஸிஸில் பக்கவாட்டில் நீளும் கைகள் துருப்பிடிப்பதற்குப் பேர்போனவை. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று ஓட்டப்போகிற காருக்கு உப்புக்காற்று சும்மா இருக்காது. மேலே பழைய மாதிரிக் கறுப்பே இருக்கட்டும். அடியில் எபாக்ஸி பிரைமர், சேஸிஸ் குழாய்களுக்குள் கேவிட்டி வாக்ஸ் (துருவைத் தடுக்க உள்ளே தெளிக்கும் மெழுகு) போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நவீன வசதியை மறுப்பது வீம்பு.

எஞ்சின் பிளாக்குக்கு எஞ்சின் எனாமல் தாங்கும். வண்ணத்தை வாட்டர் பம்ப், டைமிங் கவர் பூட்டிய இடுக்குகளில் தேடுங்கள். சைலன்சர் பக்கத்து மேனிஃபோல்டு (எஞ்சின் புகையை வெளியேற்றும் குழாய்த்தொகுதி) வார்ப்பிரும்பு. சாதாரணப் பெயிண்ட் முதல் ஓட்டத்திலேயே புகைந்து உரியும். 600 டிகிரி தாங்கும் சிலிக்கான் வகைப் பெயிண்ட் கிடைக்கிறது. அதிலும் சில்வரை விட்டுவிட்டு வார்ப்பிரும்புச் சாம்பலைக் கேளுங்கள். டப்பாவில் சொன்னபடி மெல்ல மெல்லச் சூடாக்கினால்தான் அது பிடிக்கும். ரேடியேட்டருக்கு மெல்லிய கறுப்பு ஒரு கை போதும். தடிமனாக அடித்தால் சூடு சரியாக வெளியேறாது.

கார்ப்பரேட்டருக்குப் பெயிண்டே வேண்டாம், பாலிஷும் வேண்டாம். நாச்சியார்கோவில் பக்கம் குத்துவிளக்கை முகம் தெரிய மெருகேற்றுவார்கள், அருமையான கை. அதற்காகக் கார்ப்பரேட்டரை அங்கே நீட்டிவிடாதீர்கள். மங்கலான உலோக நிறம்தான் அதற்கு அழகு.

போல்ட், நட்டுகளை எல்லாரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். பெயிண்ட் அடித்த போல்ட்டில் ஸ்பேனர் வைத்த உடனே பெயிண்ட் உரியும். பழைய போல்ட்டின் தலை வெள்ளி நிறமா, லேசான மஞ்சளா, எண்ணெய் பூசிய கருஞ்சாம்பலா என்று பிரித்து வையுங்கள். முதலிரண்டும் துத்தநாகமோ காட்மியமோ, மூன்றாவது பாஸ்பேட். காட்மியம் நச்சு. சந்தேகமிருந்தால் கிரைண்டரில் தேய்க்காதீர்கள், கேஸ் வைத்துச் சுடாதீர்கள். அதற்குப் பதில் துத்தநாக முலாம் போட்டால் பார்வைக்குக் கிட்டத்தட்ட அதேதான். ஸ்டியரிங், சஸ்பென்ஷன் போல்ட்டுகளை மட்டும் முலாம் போட அனுப்ப வேண்டாம். உறுதியான எஃகு, ஆசிடிலும் முலாம் தொட்டியிலும் ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். முலாம் போட்ட கையோடு 200 டிகிரி அளவில் மணிக்கணக்காகச் சுட்டால்தான் அது போகும். எல்லாப் பட்டறையிலும் செய்வார்கள் என்று நம்ப முடியாது. சரியான தரத்தில் புதிதாக வாங்குங்கள்.

பாடிக்குப் பி.யூ. அடிப்பதில் தப்பில்லை. அடித்து மேலே கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) ஊற்றுவதுதான் தப்பு. அந்தக் காலத்து ஒற்றை வண்ணப் பூச்சுகளில் தனிக் கிளியர் கிடையாது. கிளியர் இல்லாத ஒரே அடுக்கு பி.யூ. அடித்து, நன்றாகக் காய்ந்தபின் தேய்த்துப் பாலிஷ் போட்டால் பழைய பளபளப்புக்கு நெருங்கி வரும். பி.யூ. ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்குக் கேடு. மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு அடிக்கிற பட்டறை என்றால் வேறு பட்டறை பாருங்கள். அசலுக்கு அசல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட்தான் வேண்டும் என்றால் ஐப்பசி, கார்த்திகையில் தொடாதீர்கள். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, மழைக்காலத்து ஈரம் அதில் படிந்து வெள்ளை பூத்துவிடும். மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னர் ஓரளவுக்குத்தான் காப்பாற்றும். தை, மாசி நல்லது. ஆனால் உங்கள் ஊரில் அப்போதுதான் சம்பா அறுப்பு. பக்கத்து வயலில் அறுப்பு மெஷின் இறங்கினால் தூசி முழுக்க ஈரப் பெயிண்டில்தான் வந்து உட்காரும். பங்குனிக்குத் தள்ளினால் இரண்டு தொல்லையும் குறைவு.

அதற்குள் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அதில் எழுதியிருக்கும் வண்ணமும் நீங்கள் தேய்த்துக் கண்டுபிடித்த வண்ணமும் வேறாக இருந்தால், பெயிண்ட் வாங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து, மாற்றத்தைப் பதிவு செய்ய வழி செய்துகொள்ளுங்கள்.