எக்ஸ்எம்ஐ வழியாக அனுப்பிய யூஎம்எல் டயகிராம் ஏன் வெறுமையாகத் திறக்கிறது? எல்லாவற்றையும் திறக்கும் மென்பொருள் உண்டா?

உங்கள் கேள்வி இதுதான்: தேயிலைத் தோட்டமொன்றின் கொழுந்து நிறுவைக்கும் செக்ரோல் (தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவேடு) சம்பளக் கணக்குக்கும் இருவராக டிசைன் செய்கிறீர்கள். ஹட்டனில் இருக்கும் நண்பர் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் என்ற மென்பொருளில் யூஎம்எல் (மென்பொருளின் அமைப்பைப் படமாக வரையும் குறியீட்டு முறை) படமாக வரைந்து, எக்ஸ்எம்ஐ (மென்பொருள்களுக்கிடையே அந்த மாதிரியைக் கொண்டுபோகும் கோப்பு வடிவம்) கோப்பாக அனுப்புகிறார். பதுளையில் நீங்கள் பாப்பிரஸ் என்ற இன்னொரு மென்பொருளில் திறந்தால் கிளாஸ் (ஒரே வகைப் பொருள்களைக் குறிக்கும் பெட்டி) பெயர்கள் பக்கப் பட்டியலில் வருகின்றன, படத்தைக் காணவில்லை.

கோப்பில் பழுது இல்லை. எக்ஸ்எம்ஐயில் எல்லா மென்பொருளும் பொதுவாகப் படிப்பது மாதிரியை மட்டும்தான்: என்ன கிளாஸ், அதில் என்ன பண்பு, யாருக்கும் யாருக்கும் தொடர்பு என்பதை. எந்தப் பெட்டி எங்கே இருந்தது, கோடு எப்படி வளைந்தது என்பதை ஒவ்வொரு மென்பொருளும் தன் வழியில் வைத்துக்கொள்கிறது. பாப்பிரஸ் மாதிரியை ஒரு கோப்பிலும் படத்தை 'நொட்டேஷன்' என்ற இன்னொரு கோப்பிலும் வைக்கிறது. எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட், படத் தகவலை எக்ஸ்எம்ஐக்குள்ளேயே 'எக்ஸ்டென்ஷன்' என்ற தனிப் பகுதியில் எழுதுகிறது. மற்ற மென்பொருள்கள் பெரும்பாலும் அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடும். படத்தைப் பரிமாறுவதற்கான தரமும் யூஎம்எல்லை வெளியிடும் ஓஎம்ஜி அமைப்பிடம் இருக்கிறது, 2015இல் வந்த யூஎம்எல் 2.5இலேயே அதற்கு இடமுண்டு. ஆனால் அதை நம்பி வேலை செய்யும் அளவுக்குக் கருவிகள் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

படம் போனது சிறிய நட்டம். பட்டியலிலிருந்து கிளாஸ்களை இழுத்துப் போட்டால் மறுபடி வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாமல் மாறுபவைதான் ஆபத்து.

முதலாவது, நிரப்பிய வைரக்குறி. ஒன்று இன்னொன்றின் பகுதி, முழுமை அழிந்தால் அதுவும் அழியும் என்பதைக் காட்டுவது அது. எக்ஸ்எம்ஐ 2.1 சரியாகத் திறக்கவில்லை என்று பலர் எக்ஸ்எம்ஐ 1.1ஐத் தெரிவுசெய்து அனுப்புவார்கள். அதில் போவது பழைய யூஎம்எல் 1.3. அந்த மரபில் 'அக்ரிகேஷன்' பண்பு முழுமையின் முனையில், அதாவது வைரம் நிற்கும் பக்கத்தில் எழுதப்படும். யூஎம்எல் 2இல் அது பகுதியைச் சுட்டும் முனைக்குப் போய்விட்டது. மாற்றும் கருவி இதைக் கவனிக்காவிட்டால் உறவு தலைகீழாகும்: செக்ரோலுக்குள் நாள் பதிவுகள் என்று நீங்கள் வரைந்தது, நாள் பதிவுக்குள் செக்ரோல் என்றாகிவிடும். அதிலிருந்து கோட் உருவாக்கினால், ஒரு நாள் பதிவை அழிக்கும்போது செக்ரோல் முழுவதும் சேர்ந்து அழியக்கூடும்.

இரண்டாவது, எண்ணிக்கை வரம்பு. ஒருவருக்கு அன்று கைக்காசு நிறுவை (கைக்காசுக்குப் பறித்த கொழுந்தின் நிறுவை) இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எனவே 0..1 (குறைந்தது பூச்சியம், கூடியது ஒன்று) என்று போட்டிருப்பீர்கள். எக்ஸ்எம்ஐயில் இயல்பு மதிப்புகளை எழுதாமல் விடலாம். ஆகவே குறைந்த வரம்பைச் சொல்லும் 'லோயர்வேல்யூ' டேக் இருந்து அதற்குள் மதிப்பு எதுவும் இல்லாவிட்டால் பொருள் 0. டேக்கே இல்லாவிட்டால் பொருள் 1. வெற்று டேக்கை "ஒன்றுமில்லை" என்று தூக்கி வீசும் ஸ்கிரிப்டோ இறக்குமதியோ உங்கள் 0..1ஐ 1 ஆக்கிவிடும். பிறகு கைக்காசு எடுக்காதவரின் பதிவைப் புரோகிராம் ஏற்காது. நோட்பேடில் கோப்பைத் திறந்து இந்த ஒரு டேக்கைத் தேடிப் பார்ப்பது வீண்வேலை அல்ல.

தமிழில் குறிப்பு எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது குறியேற்றம், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை. கோப்பின் முதல் வரியில் விண்டோஸ்-1252 என்றிருந்தால் அதில் தமிழ் எழுத்துக்கு இடமே இல்லை. 'பெரட்டு', 'அரை பேர்' போன்ற தோட்டச் சொற்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக வந்திருந்தால் அவை போனவை போனவைதான், அந்தக் கோப்பிலிருந்து மீட்க முடியாது. விசித்திரமான ஐரோப்பிய எழுத்துகளாக வந்திருந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். யூடிஎஃப்-8ஐ வேறொன்றாகப் படித்ததால் வந்த கோளாறு அது. ஏற்றுமதிக்கு முன் அமைப்பில் யூடிஎஃப்-8 என்று மாற்றச் சொல்லுங்கள்.

ஸ்டீரியோடைப் (கிளாஸுக்கு நீங்கள் சேர்க்கும் தனி வகைக் குறி) வேண்டுமென்றால் அதை வரையறுக்கும் புரொஃபைலையும் சேர்த்து அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அது உதிர்ந்துவிடும். சீக்வென்ஸ் டயகிராமை (மெசேஜ்கள் போகும் வரிசையைக் காட்டும் படத்தை) எக்ஸ்எம்ஐயில் அனுப்பவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு மெசேஜுக்கு இரு முனை நிகழ்வுகள், அவற்றின் வரிசை, 'ஆல்ட்' எனும் மாற்றுவழிப் பெட்டிகள் என்று உள்ளே நிறையச் சேர்ந்திருப்பதால் ஏதாவது ஒன்று இடையில் விழுந்துவிடும்.

எனவே எல்லாவற்றையும் குறையில்லாமல் திறக்கும் மென்பொருள் இல்லை. வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஐந்து கிளாஸ் போதும்: ஒரு நிரப்பிய வைரம், ஒரு 0..1, ஒரு ஸ்டீரியோடைப், ஒரு தமிழ்க் குறிப்பு அதில் இருக்கட்டும். ஹட்டனில் ஏற்றுமதி, பதுளையில் இறக்குமதி, அங்கிருந்து மறுபடி ஏற்றுமதி, மறுபடி ஹட்டனில் இறக்குமதி. வைரம், 0..1, ஸ்டீரியோடைப், தமிழ்க் குறிப்பு ஆகிய நான்கும் எப்படித் திரும்பி வருகின்றன என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எது தப்பவில்லையோ அதைப் பரிமாற்றத்தில் சேர்க்காதீர்கள். திரும்ப இறக்குமதி செய்யும்போது அடையாள எண்களை நீக்கும் தெரிவு குறியிடப்பட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கிளாஸும் இரண்டிரண்டாக நிற்கும்.

இருவரும் மாற்றி மாற்றித் திருத்துவது நடக்காது. திருத்தும் உரிமை ஒருவரிடம் இருக்கட்டும், மற்றவர் படித்துக் குறிப்புச் சொல்லட்டும். கோட் உருவாக்கும் எண்ணமில்லை, பேசி முடிவெடுக்கத்தான் படம் என்றால், எழுத்தில் எழுதியதைப் படமாக்கித் தரும் பிளான்ட்யூஎம்எல் உங்களுக்கு நல்லது. எல்லாம் வெறும் எழுத்து, கிட் என்ற, பதிப்புகளைப் பாதுகாக்கும் கருவியில் வரிவரியாக ஒப்பிடலாம், தமிழும் கெடாது. ஆனால் அது படம் வரையும் மொழி. தவறான வகைப் பெயரைக் கொடுத்தாலும் மறுப்பில்லாமல் வரைந்து தரும்.

எக்ஸ்எம்ஐதான் வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் கூடவே படத்தைப் பிடிஎஃப்பாக அனுப்பச் சொல்லுங்கள். கோப்புப் பெயரில் மென்பொருளின் பதிப்பையும் எக்ஸ்எம்ஐ பதிப்பையும் எழுதச் சொல்லுங்கள்.