பார்க்கின்சன் இருக்கிற அப்பா பகல்ல தூங்கி விழுறார், இரவில கத்துறார்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, பார்க்கின்சன் எண்டு சொல்லி மூண்டு வருசமா குளிசை எடுக்கிறார். பகல் முழுக்க சாய்மனைக் கதிரையிலதான், தூங்கித் தூங்கி விழுறார். இரவில கத்துறார், காலால உதைக்கிறார், போன கிழமை கட்டிலால விழுந்திட்டார். அம்மா அது சண்டைக்கால நினைவு எண்டுறா. சொந்தக்காரர் ஆளை அலைக்காமல் ஓய்வா விடச் சொல்லுகினம். நடக்க விடலாமோ? நித்திரைக் குளிசை ஏதும் குடுக்கலாமோ? (மானிப்பாயில இருந்து ஒரு மகள்)

பதில்: தங்கச்சி, சொந்தக்காரரின்ர கதையை முதல்ல ஒரு பக்கம் வையுங்கோ. "பாவம் ஏலாத மனுசன், இருக்கட்டும்" எண்டு பாசத்திலதான் சொல்லுகினம், ஆனா இந்த வருத்தத்துக்கு அது சரிவராது. மூளையில உடம்பை அசைய வைக்கிற டோபமின் எண்ட இரசாயனத்தைச் சுரக்கிற கலங்கள் குறைஞ்சு போறதாலதான் விறைப்பு, நடுக்கம், ஆமைவேகம் எல்லாம் வாறது, அதுக்கு மேல ஆளை இருத்தி வைச்சால் கால்ப் பலமும் போகும், மலச்சிக்கலும் கூடும், பகல்ல தூங்கினதால இரவில முழிப்பும் வரும், பேந்து இரவு முழிச்சதால அடுத்த நாள் திரும்பவும் கதிரைதான். பகலையும் இரவையும் பிரிச்சு வைத்தியம் பாக்க ஏலாது.

இரவுப் பிரச்சினையைப் பாப்பம். அம்மா சொல்லுறதை நான் சும்மா தட்டிவிட மாட்டன், 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில மழைக்குள்ள நடந்த ஆக்களுக்கு அது கனவில வாறது புதினமில்லை. ஆனா நீங்கள் எழுதினதைப் பாத்தால் எனக்கு வேறொண்டுதான் நினைவுக்கு வருது. கனவு காணுற நித்திரையில மூளை எங்கட கை கால் தசையளை அசைய விடாமல் வைச்சிருக்கும், பார்க்கின்சன் ஆக்கள் கன பேருக்கு அந்தத் தடை வேலை செய்யாது, அதால கனவில ஆரோ துரத்தினால் நிசமாவே உதைப்பினம். இது அநேகமா விடியப்புறம் பக்கமாத்தான் கூட வரும், எழுப்பினால் ஆள் கெதியாத் தெளிஞ்சு கனவைச் சொல்லக்கூடும். சில பேருக்கு நடுக்கம் வாறதுக்கு வருசக்கணக்கா முந்தியே இது தொடங்கியிருக்கும், அம்மாட்டக் கேட்டுப் பாருங்கோ, "முந்தியும் உப்பிடித்தான் நித்திரையில அடிக்கிறவர்" எண்டு சொன்னாலும் சொல்லுவா. பகல்லயும் அந்த நினைவுகள் வந்து பதறுறார் எண்டால் அது வேற, அதையும் டொக்டரிட்ட மறைக்காமல் சொல்லுங்கோ.

இப்போதைக்குக் கட்டிலைப் பதிவாக்கி ஒரு பக்கத்தைச் சுவரோட வையுங்கோ, மற்றப் பக்கம் நிலத்தில மெத்தை போடுங்கோ, மேசை, கூரான சாமான் ஒண்டும் கிட்ட வேண்டாம், அம்மா கொஞ்சக் காலம் வேற கட்டிலில படுக்கட்டும். மருந்தும் இருக்குது, மெலடோனின், குளோனாசிபாம் எண்டு. ஆனா குளோனாசிபாம் வயசானாக்களை விழுத்தும், நித்திரையில மூச்சு நிண்டு நிண்டு வாற ஆக்களுக்குக் கூடாது. பக்கத்து வீட்டு அன்ரியின்ர நித்திரைக் குளிசையில பாதி குடுத்துப் பாக்கிற வேலை மட்டும் வேண்டாம்!

இன்னொண்டு, இரவில திரும்பிப் படுக்க ஏலாமல் முழிக்கிறாரோ எண்டும் பாருங்கோ. பின்னேரம் எடுத்த லெவோடோபா (பார்க்கின்சனுக்குக் குடுக்கிற முக்கியமான குளிசை) நடுச்சாமத்துக்கு முதலே முடிஞ்சிடும், பிறகு உடம்பு பலகை மாதிரி விறைச்சுப் போகும். அப்பிடியெண்டால் படுக்கேக்க எடுக்கிற மருந்தை டொக்டர் மாத்தித் தருவார். இடுப்புக்குக் கீழ வழுக்குற துணி ஒண்டு விரிச்சால் திரும்ப லேசு.

நடக்க விடலாமோ எண்டு கேட்டியள், கட்டாயம் நடக்கோணும். கிழமைக்கு 150 நிமிசம் அளவில, மூச்சு கொஞ்சம் வாங்கிற மாதிரி, கதைக்க ஏலும் பாட ஏலாது எண்ட அளவுக்கு. 2018இல அமெரிக்காவில வந்த ஒரு ஆய்வில, வருத்தம் தொடங்கி இன்னும் குளிசை தொடங்காத ஆக்களைக் கிழமைக்கு மூண்டு, நாலு நாள் ட்ரெட்மில்லில நல்லா வேகமா நடக்க வைச்சவை, ஆறு மாசத்தில அவையின்ர அறிகுறி மோசமானது கொஞ்சம்தான். அப்பாவுக்கு அதே வேகம் வேண்டாம், முதல்ல இருதயத்தைப் பாத்துப்போட்டு ஆறுதலாத் தொடங்குங்கோ.

நேரம்தான் முக்கியம். குளிசை போட்டு முக்கால் மணித்தியாலம், ஒரு மணித்தியாலத்தில உடம்பு இளகும், அப்ப கூட்டிக்கொண்டு போங்கோ, நல்லூர் வெளிவீதியோ பண்ணைக் கடற்கரையோ, விடிய வெயில் ஏற முதல். லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்திக் குடுங்கோ, மீன், இறைச்சி, பருப்பு, பாலோட சேர்ந்தால் உடம்பு வடிவா உறிஞ்சாது. வாசல்படியில கால் ஒட்டின மாதிரி நிண்டால் கையைப் பிடிச்சு இழுக்காதேங்கோ, விழுந்திடுவார். நிண்டு, மூச்சு விட்டு, "ஒண்டு, ரெண்டு" எண்டு எண்ணி காலைப் பெரிசாத் தூக்கி வைக்கச் சொல்லுங்கோ, நிலத்தில கலர் ரேப் கோடு ஒட்டினாலும் அதைக் கடக்கிறமாதிரி நடப்பார்.

நடக்கவே கால் வராத சிலர் சைக்கிள் மட்டும் வடிவா ஓடுவினம், அப்பிடி ஒருத்தரைப் பற்றி நெதர்லாந்து டொக்டர்மார் 2010இல எழுதினவை. அதுக்காக றோட்டில விட வேண்டாம், அசையாமல் நிக்கிற எக்சர்சைஸ் சைக்கிள் கிடைச்சால் நல்லது, ஏறேக்க இறங்கேக்க ஒராள் பிடிக்கோணும்.

மத்தியானம் அரை மணித்தியாலம் கண்ணயரட்டும், மூண்டு மணிக்குப் பிறகு வேண்டாம். பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணியும் குறையுங்கோ. பிரமிபெக்சோல், ரொபினிரோல் எண்ட பார்க்கின்சன் குளிசையள் எடுக்கிறவரெண்டால் பகல் தூக்கம் அந்தக் குளிசையாலயும் வரும், திடீரெண்டு நித்திரை விழும், ஆனபடியால் மோட்டச்சைக்கிள் திறப்பை வாங்கி வையுங்கோ (சண்டை பிடிப்பார், பரவாயில்லை). ஆனா ஒரு குளிசையையும் நீங்களா நிப்பாட்டாதேங்கோ, சடுதியா நிப்பாட்டினால் ஆபத்து.

சத்தி எண்டு எங்கயும் மருந்தெடுக்கப் போனால் பார்க்கின்சன் இருக்கு எண்டு முதலே சொல்லுங்கோ, மெட்டோகுளோபிரமைட், ஸ்டெமெட்டில் எண்ட சத்தி மருந்துகள் இவைக்குக் கூடாது, நடுக்கமும் விறைப்பும் கூடும். அடுத்த கிளினிக்குக்குப் போகேக்க எந்த நேரம் குளிசை, எந்த நேரம் விறைப்பு, எப்ப தூங்கினவர் எண்டு ஒரு கிழமைக்குக் கொப்பியில குறிச்சுக் கொண்டு போங்கோ, இரவில அவர் கத்தேக்க போனில ஒரு வீடியோவும் எடுங்கோ, நரம்பியல் டொக்டருக்கு அது பெரிய உதவி. பிசியோதெரபிக்கும் அங்கேயே கடிதம் கேளுங்கோ.