மாரி மழைக்குப் பின் செஸ்னா 172 திணறுவது பற்றி

பறக்காதீர்கள். திருகோணமலைச் சீனக்குடா விமானத்தளத்தில் மாரி மழையில் மூன்று வாரம் வெளியே நின்ற செஸ்னா 172 சிறு விமானத்தின் இயந்திரம், முடுக்கும்போது திணறுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது எரிபொருளில் கலந்த தண்ணீரை.

இறக்கையின் மேலுள்ள எரிபொருள் தாங்கி மூடியைத் திறந்து இறப்பர் வளையத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கடல் வெயிலில் அது காய்ந்து வெடித்திருக்கலாம். வெடித்திருந்தால் மழை அந்த வழியாக இறங்கும்.

இரு இறக்கைகளின் வடிகால்களிலும் இயந்திரத்தடி வடிகட்டியிலும் தெளிவான கிண்ணத்தில் எரிபொருளைப் பிடியுங்கள். 100எல்எல் எனும் விமானப் பெற்றோல் நீல நிறம். தண்ணீர் அடியில் நிறமற்றுத் தங்கும். பலர் ஏமாறுவது இங்கேதான்: கிண்ணம் முழுவதும் தண்ணீரென்றால் பிரிகோடே தெரியாது, சுத்தமாக இருப்பதாகத் தோன்றும். அதனால் நல்ல எரிபொருள் சிறிதளவு முன்பே ஊற்றிவிட்டுப் பிடியுங்கள். பிறகு இறக்கைகளை மெதுவாக ஆட்டி, சற்றுப் பொறுத்து, மறுபடி பிடியுங்கள்.

ஒரு சொட்டுத் தண்ணீரும் வராவிட்டால் காரணம் வேறாக இருக்கலாம். தீப்பொறி தரும் இரு மெக்னீட்டோக்களையும் கையேடு சொல்லும் சுழற்சி வேகத்தில் தனித்தனியே சோதியுங்கள். அப்போது சுழற்சி வேகத்தில் அனுமதிக்கும் வீழ்ச்சி எவ்வளவு என்பதையும் உங்கள் விமானத்தின் கையேட்டில் பாருங்கள். தண்ணீர் திரும்பத் திரும்ப வந்தால் உரிமம் பெற்ற பொறியியலாளர் தாங்கியை முழுதாக வடிக்கும்வரை விமானம் தரையிலேயே நிற்கட்டும். ஓடுபாதையைத் தாண்டினால் கீழே கடல்.