கணக்கு கேளுங்கள்: தரைக்கல், தவணை, புள்ளிக்கோலம்

கேள்வி: பழைய வீட்டில் ஓர் அறைக்கு ஆத்தங்குடி டைல்ஸ் போடுகிறோம். 12 அடிக்கு 10 அடி, கல் 8 அங்குலம். கடையில் 270 கல் என்கிறார்கள், கொத்தனார் 300 கேட்கிறார். யாரை நம்புவது?
- கண்டனூர் வாசகி

பதில்: இரண்டு பேரையும் நம்பலாம் ஆச்சி. 270 தரைக்கு, மீதி 30 உடைசலுக்கு. கையால் வார்க்கிற கல் என்பதால் அப்புறம் போய்க் கேட்டால் அதே சாயம் அப்படியே கிடைப்பது கடினம், முதலிலேயே நூற்றுக்குப் பத்து கூட வாங்கிவிடுவது நல்லது. 8 அங்குலக் கல் என்றால் சதுர அடியை இரண்டேகாலால் பெருக்கினால் போதும், 120-க்கு 270 வந்துவிடும்.

ஆனால் இந்த இரண்டேகால் சுவருக்குச் சுவர் முழுக்கல்லாக உட்காரும் அறைக்குத்தான் சரி. உங்கள் அறை 10 அடிக்குப் பதில் பத்தரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள், பெருக்கினால் 284 வரும், தரையில் போட்டால் 288 வேண்டும், ஏனென்றால் 126 அங்குலத்தில் 15 முழுக்கல் போக மிச்சம் 6 அங்குலத்துக்கும் ஒரு வரிசைக் கல்லை வெட்டித்தான் ஆகவேண்டும். அதனால் பரப்பை நம்பாமல் வரிசையை எண்ணுங்கள். உங்களுக்கு 18 வரிசை, 15 வரிசை.

இந்த 15-தான் எனக்கு உறுத்துகிறது. நான்கு கல் சேர்ந்தால் ஒரு பூ வருகிற டிசைன் எடுத்திருந்தால் ஒரு பக்கம் பூ பாதியில் நிற்கும். சுற்றி பார்டர் வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள், ஆகாது. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று போனால் 13, அதுவும் ஒற்றைப்படைதான். பீரோ வைக்கிற சுவரோரம் ஒரு வரிசை வெறுங்கல் போட்டுவிட்டால் பார்டருக்குள் 12 நிற்கும், பூ முழுசாக மலரும். அப்போது பார்டர் 18-க்கு 14. நான்கு பக்கத்தையும் கூட்டி 64 என்று ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள், மூலைக்கல் இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கும். நான்கைக் கழித்து 60, அதில் மூலைக்கு வேறு அச்சு என்றால் அந்த நான்கைத் தனியாகச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு லட்சம் கடன், 12 தவணை. தனியார் ஒருவர் வருஷத்துக்கு 12 சதவீதம் பிளாட் வட்டி, மாதம் 9,333 ரூபாய் என்கிறார். வங்கியில் குறையும் அசலுக்கு 15 சதவீதம். 12-தானே லாபம்?
- தேவகோட்டை வாசகர்

பதில்: இல்லை தம்பி, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதுவரை நல்லது. பிளாட் என்றால் அசல் குறையக் குறைய வட்டி குறையாது, கடைசி வரை முழு லட்சத்துக்கும் வட்டி போடுவார்கள். ஆனால் முழு லட்சமும் உங்கள் கையில் இருப்பது முதல் மாதம் மட்டும்தான். கடனைப் பன்னிரண்டு பங்காக வையுங்கள்: முதல் மாதம் 12 பங்கு, அடுத்து 11, கடைசி மாதம் 1. முதலையும் கடைசியையும் கூட்டிப் பாதியாக்கினால் சராசரி ஆறரைப் பங்கு, அதாவது சுமார் 54,000 ரூபாய். அந்தப் பணத்துக்குத்தான் நீங்கள் 12,000 வட்டி கட்டுகிறீர்கள். கிட்டத்தட்ட 22 சதவீதம்! வங்கி முறையில் துல்லியமாகப் போட்டாலும் இருபத்தொன்றரை வருகிறது. வங்கித் தவணை மாதம் சுமார் 9,026, வருஷ வட்டி 8,300 சொச்சம். வங்கியில் வேறு கட்டணம் ஏதும் பிடித்தால் அதையும் இந்த வட்டியோடு கூட்டிப் பாருங்கள்.

320-ல் ஒரு பங்கான முந்திரி என்கிற பழைய பின்னம் வரைக்கும் வாய்ப்பாடாகச் சொன்னவர்கள் லேவாதேவி செய்த மண் இது. பிளாட் என்று யார் சொன்னாலும் சதவீதத்தை இரண்டால் பெருக்கிக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

கேள்வி: ஆடித் தள்ளுபடி 20 சதவீதம், பில்லில் மேலும் 10. மொத்தம் 30-தானே?
- காரைக்குடி வாசகி

பதில்: 28. இரண்டாவது 10 மிச்சமிருக்கும் 80-ல்தான் கழியும்.

கேள்வி: மகள் ஐந்தாம் வகுப்பு. 7 புள்ளி, 4 முடிய இடுக்குப் புள்ளிக் கோலத்தில் மொத்தம் எத்தனை புள்ளி, எண்ணாமல் சொல்ல வழி உண்டா என்கிறாள்.
- பள்ளத்தூர் வாசகி

பதில்: இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். வாசலுக்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள். நடுப்புள்ளி ஒன்று. அதைச் சுற்றி ஒரு வளையம், 6 புள்ளி. அடுத்த வளையம் 12, அதற்கடுத்து 18. ஆறாம் வாய்ப்பாடு வாசலில் உட்கார்ந்திருக்கிறது! கூட்டினால் 37. வரிசையாகப் பார்த்தாலும் நடுவில் 7, மேலே 6, 5, 4, கீழே 6, 5, 4, அதே 37.

அடுத்து 9 புள்ளி, 5 முடிய வையுங்கள். கூடுதலாக எத்தனை புள்ளி என்று கோலம் வைப்பதற்கு முன்பே அவளைச் சொல்லச் சொல்லுங்கள். 24 என்றாளானால் வளையம் பிடிபட்டுவிட்டது, மொத்தம் 61.