செங்கல் சூளை முதல் வெள்ள நிவாரணம் வரை: தொண்டு அமைப்புகள் பற்றி வாசகர் கேள்விகள்

செங்குன்றம் தாண்டி ஒரு செங்கல் சூளையில் வெளிமாநிலக் குடும்பங்கள் வேலை செய்கின்றன. ஊருக்கு அனுப்ப மறுக்கிறார்கள் என்று ஒரு பெண் அழுதார். எங்கள் தன்னார்வக் குழு போய் முதலாளியிடம் பேசலாமா? (புழல்)

வேண்டாம். வெளியாள் வந்து விசாரித்தது தெரிந்தால் அன்று இரவே குடும்பங்களை லாரியில் ஏற்றி வேறு சூளைக்கு மாற்றிவிடுவார்கள். மறுநாள் அதிகாரிகள் போகும்போது காலிக் குடிசைகள்தான் இருக்கும். நல்லெண்ணத்தோடு போகும் குழுக்கள் கெடுத்துவிடும் இடமே இதுதான்.

கொத்தடிமை என்றால் சங்கிலியும் பூட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை. முன்பணம் வாங்கிய காரணத்தால் ஒருவர் வேறு வேலைக்குப் போக முடியவில்லை, நினைத்தபோது ஊருக்குப் போக முடியவில்லை, குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும், 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்படி அது கொத்தடிமை முறைதான். ‘இது கொத்தடிமைக் கடன் அல்ல’ என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர், தொழிலாளி அல்ல.

நீங்கள் செய்ய வேண்டியது விவரம் திரட்டுவது. சூளை இருக்கும் சரியான இடம், எத்தனை குடும்பம், குழந்தைகள் எத்தனை பேர், வாங்கிய முன்பணம், வாரச் செலவுக்குக் கையில் தருவது எவ்வளவு, ஆதார் அட்டை யாரிடம் இருக்கிறது, என்ன மொழி பேசுகிறார்கள் என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். இடம் எந்த மாவட்டம் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். செங்குன்றம் தாண்டினால் பெரும்பாலும் திருவள்ளூர் மாவட்டம். அங்கே நடப்பதைச் சென்னை கலெக்டரிடம் மனுவாகக் கொடுத்தால் மேசை மாறுவதிலேயே நாட்கள் போய்விடும். மனுவைக் கலெக்டர் அல்லது கோட்டாட்சியரிடம் எழுத்தில் கொடுங்கள். ஒரு நகலை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள்.

விசாரணையின்போது இரண்டைக் கேட்டுப் பெறுங்கள். ஒன்று, முதலாளியும் மேஸ்திரியும் பக்கத்தில் இல்லாத இடத்தில், தொழிலாளர்களின் மொழி தெரிந்த ஒருவரை வைத்து வாக்குமூலம் வாங்க வேண்டும். மற்றொன்று, கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடுதலைச் சான்று. ‘பேசி முடித்துவிட்டோம், பஸ் ஏற்றிவிட்டோம்’ என்று அனுப்பிவைத்தால் பழைய கடன் ஊர்வரை துரத்தும். மறுவாழ்வுத் தொகையும் கிடைக்காது. மத்தியத் திட்டப்படி உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. மறுவாழ்வுக்கு ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், ஆள்கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலைகளில் 3 லட்சம். இந்தப் பெரிய தொகை வழக்கின் போக்கோடு பிணைந்தது. அதனால் எஃப்.ஐ.ஆர். பதிவாகும்வரை விடாதீர்கள்.

விசாரணைக்கு என்று கூட்டிப்போன தம்பியைக் காவல் நிலையத்தில் அடித்திருக்கிறார்கள். மனித உரிமை ஆணையத்துக்குப் போக வக்கீல் வேண்டுமா? (வியாசர்பாடி)

வக்கீலும் வேண்டாம், கட்டணமும் கிடையாது. வெள்ளைத்தாளில் தமிழில் எழுதினால் போதும். மாநில மனித உரிமைகள் ஆணையம் கிரீன்வேஸ் சாலையில் இருக்கிறது. ஆனால் மனுவுக்கு முன்பே செய்ய வேண்டியது, இன்றைக்கே தம்பியை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது. ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் கேட்கும்போது ‘கீழே விழுந்துவிட்டேன்’ என்று பயத்தில் சொல்லிவிட்டால் பிறகு அதை மாற்றுவது மிகக் கடினம். யார், எங்கே, எதனால் அடித்தார்கள் என்று சொல்லி ஏ.ஆர். காப்பியில் (மருத்துவமனையின் காயப் பதிவேட்டு நகல்) பதியச் செய்யுங்கள். ரிமாண்டுக்குக் கொண்டுபோனால் மாஜிஸ்திரேட்டிடம் காயத்தைக் காட்டிச் சொல்லட்டும்.

மனுவில் தேதி, நேரம், நிலையத்தின் பெயர், தெரிந்தால் காவலர் பெயர், சாட்சிகள் இருக்க வேண்டும். அந்த நாளின் சிசிடிவி பதிவைப் பாதுகாக்க உத்தரவிடும்படியும் கேளுங்கள். காவல் நிலையங்களில் கேமரா வைத்துப் பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தால் ஆணையம் விசாரிக்க முடியாது. டெல்லியில் உள்ள தேசிய ஆணையத்துக்கும் இங்கேயும் ஒரே மனுவை அனுப்பாதீர்கள். ஓரிடத்தில் நிலுவையில் இருந்தால் மற்றது எடுக்காது. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்பளித்தது. ஆகவே ‘அது வெறும் காகிதம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கிரிமினல் வழக்குக்கு வக்கீல் தேவைப்படும். காவலில் இருப்பவருக்கும், வருமானம் பார்க்காமல் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் இலவச வக்கீல் உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் 15100.

நன்கொடை கொடுத்தால் 80ஜி வருமான வரிச் சலுகையில் பாதி வரி திரும்பி வருமாமே? (அண்ணா நகர்)

பாதி வரி அல்ல. 10,000 ரூபாய் கொடுத்தால், சாதாரண அமைப்புகளுக்கு, உங்கள் வருமானத்தில் 5,000 கழியும். 20 சதவீத வரி கட்டுபவருக்கு மிச்சம் சுமார் ஆயிரம் ரூபாய். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு அதுவும் இல்லை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தது கணக்கில் வராது. அரிசி மூட்டை, போர்வைக்கும் கிடையாது. ரசீது மட்டும் போதாது. அமைப்பு உங்கள் பான் எண்ணோடு வருமான வரித் துறைக்குத் தகவல் ஏற்றி, அதிலிருந்து வரும் சான்றை உங்களுக்குத் தர வேண்டும். பான் கேட்காத இடத்தில் அந்தச் சான்று வராது.

வரியைவிட முக்கியம், பணம் எங்கே போகிறது என்பது. தணிக்கை செய்த மூன்றாண்டுக் கணக்கைக் கேளுங்கள். ‘இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் குழந்தை பிழைக்காது’ என்று போனில் அவசரப்படுத்தி, தனிநபர் ஜிபே எண்ணைத் தந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் எங்கள் தெரு டிரஸ்டுக்குப் பணம் அனுப்பலாமா? (மயிலாப்பூர்)

இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். பாஸ்போர்ட் நகலை டிரஸ்ட் கோப்பில் வையுங்கள். சிங்கப்பூர் குடியுரிமை பெற்றிருந்தால் அது வெளிநாட்டு நன்கொடை. இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், ரூபாயாகவே கொடுத்தாலும் அப்படித்தான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாமல் வாங்கினால் குற்றம்.

வெள்ளம் வந்தால் எங்கள் குடியிருப்பில் துணி சேகரித்து அனுப்புகிறோம். வேறென்ன தரலாம்? (வேளச்சேரி)

பழைய துணியை நிறுத்துங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு நனைந்து சாலையோரம் குவிந்த துணியை அள்ள வேண்டியிருந்தது துப்புரவுப் பணியாளர்கள்தான். புதிய நைட்டி, லுங்கி, உள்ளாடை, சானிட்டரி நாப்கின், பாய், கொசுவலை, டார்ச் கொடுங்கள்.

தண்ணீரைக் குடிக்க மட்டும் என்று கணக்கிடுவதால்தான் முகாம்களில் பற்றாக்குறை வருகிறது. சர்வதேச நிவாரணத் தரப்படி குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் வேண்டும். 200 பேருக்கு 3,000 லிட்டர். கேன் கட்டாது, லாரிதான். குளோரின் மாத்திரை கொடுத்தால் அரை கிராம் மாத்திரை 20 லிட்டர் குடத்துக்கு என்று மூடியிலேயே தமிழில் எழுதி ஒட்டுங்கள். கலங்கல் நீரைத் துணியில் வடிகட்டிய பிறகே போட வேண்டும், அரை மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும். சேறு இருந்தால் குளோரினை அது தின்றுவிடும்.

வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓஆர்எஸ் உப்பு-சர்க்கரைப் பொடி பாக்கெட் பெரியது ஒரு லிட்டருக்கு, சிறியது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டால் உப்பு ஏறி ஆபத்தாகும். இரண்டையும் கலந்து ஒரே பையில் போடாதீர்கள்.

பிறந்தநாளன்று குழந்தைகள் இல்லத்தில் சாப்பாடு போட்டுப் படம் எடுத்துப் பகிரலாமா? (தாம்பரம்)

சாப்பாடு போடலாம். குழந்தையின் முகமோ பெயரோ தெரியும்படி படம் வெளியிடக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. ஆறு மாதம் வரை சிறையோ, 2 லட்சம் வரை அபராதமோ உண்டு. இல்ல நிர்வாகியே ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றாலும் சட்டம் மாறாது. பதிவு பெற்ற இல்லமா என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரித்துவிட்டுப் போங்கள். அங்கே அடியோ வேறு கொடுமையோ கண்ணில் பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.