கையால் வரையும் லூப் அனிமேஷன் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஏன் திக்குகிறது?

கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு ஊஞ்சலாடும் பெண்ணை 12 படங்களாக வரைந்தும், சுற்று முடியும்போது அசைவு ஒரு கணம் நிற்கிறது என்கிறீர்கள். 12ஆவது படத்தை முதல் படம் மாதிரியே வரைந்திருப்பீர்கள். ஒரே படம் அடுத்தடுத்து வந்தால் கண் உடனே பிடித்துவிடும். 12ஆவது படம் 11க்கும் 1க்கும் நடுவில் விழ வேண்டும்.

பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோ 1832இல் செய்த, சுற்றினால் படங்கள் அசைவதுபோலத் தெரியும் சுழல்தட்டில் படங்கள் வட்டமாக நிற்கும். தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது. நீங்களும் ஒரு வட்டம் போட்டு, கடிகாரம் போல 12 எண்களைக் குறியுங்கள். 1, 7 இரண்டும் ஊஞ்சலின் ஓரங்கள்; 4, 10 நடு. இந்த நாலையும் முதலில் முடித்துவிடுங்கள். 1, 2, 3 என்று வரிசையாகவே போனால் உருவம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து, கடைசியில் முதல் படத்தோடு ஒட்டவே ஒட்டாது. இடைப்படங்கள் ஓரங்களில் நெருக்கமாகவும் நடுவில் அதிக இடைவெளியோடும் இருக்கட்டும். 4இலும் 10இலும் பலகை அதே இடத்தில்தான் இருக்கும், ஆனால் சடை எதிரெதிர்ப் பக்கம் பறக்கும். (பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.)

நொடிக்கு 24 ஃபிரேம் (திரையில் வரும் ஒவ்வொரு காட்சித் துணுக்கு) என்றால், படத்துக்கு இரண்டு ஃபிரேம் கொடுத்தால் மொத்தம் ஒரு நொடி. ஊஞ்சலுக்கு அது படுவேகம். மூன்று கொடுத்துப் பாருங்கள். கோடு லேசாக நடுங்கினால் அப்படியே விட்டுவிடலாம்.